கைக்காச போட்டு வெயிட் லாஸ் ஆபரேஷன் இப்பவே பண்ணிக்கலாமா, இன்ஷூரன்ஸுக்கு காத்திருக்கலாமா?

தண்டையார்பேட்டை கவி

எல்லாருக்கும் வணக்கம். வயசு 33, உயரம் 158 செ.மீ, வெயிட் 112 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு கூடன்னு காட்டற பி.எம்.ஐ கிட்டத்தட்ட 45-னு டாக்டர் சொன்னாரு. சுகருக்கு மாத்திரை போட்டும் எச்.பி.ஏ.1.சி (மூணு மாச சராசரி சுகர்) 9-க்கு கீழ இறங்க மாட்டேங்குது, பி.சி.ஓ.டி (சினைப்பை நீர்க்கட்டி) வேற இருக்கு, ராத்திரி குறட்டை விட்டுட்டு இருக்கும்போதே மூச்சு நின்னாப்ல ஆகி திடுக்குனு எழுந்துக்கறேன்னு வீட்டுக்காரர் பயப்படறாரு. பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. இன்னொரு குழந்தை வேணும்னு ரெண்டு பேருக்குமே ஆசை, ஆனா இந்த வெயிட்லயும் சுகர்லயும் இப்ப வேணாம், முதல்ல இத குறைங்கன்னு லேடி டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க.

டயட், வாக்கிங், ஜிம், பேலியோ எல்லாம் பாத்தாச்சு. இறங்கும், அப்புறம் முன்ன இருந்ததுக்கு மேல ஏறிடும். அதனால தயவுசெஞ்சு வெந்நீர்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடின்னு யாரும் எழுதாதீங்க, கேட்டு கேட்டு மனசு விட்டுப்போச்சு.

வயித்துல பெரும்பங்க வெட்டி எடுத்து சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்லிருக்காங்க. அண்ணா நகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில 4 லட்சத்து 20 ஆயிரம் பேக்கேஜ். இன்னொரு சின்ன ஆஸ்பத்திரில 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கே முடிச்சு தரோம்னு சொல்றாங்க, தினமும் போன் வேற பண்றாங்க. வீட்டுக்காரருக்கு மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை, கம்பெனி இன்ஷூரன்ஸ் 3 லட்சம் குடும்பத்துக்கு இருக்கு, ஆனா எச்.ஆர்ல கேட்டப்போ அது அழகுக்கு பண்ற ஆபரேஷன், கிடைக்காதுன்னு போன்லயே சொல்லிட்டாங்க. நாங்களா போன வருஷம் ஒரு 5 லட்சம் பாலிசி எடுத்தோம், சுகர் இருக்குன்னு எழுதிதான் எடுத்தோம், அதுல மூணு வருஷம் ஆகட்டும்னு ஏஜென்ட் சொல்றாரு.

நகைய வெச்சா ரெண்டு ரெண்டரை தேறும். மீதிக்கு பர்சனல் லோன், இல்லன்னா தெரிஞ்சவர்கிட்ட தண்டல். நகைய தொடாதன்னு எங்கம்மா, வாயக் கட்டுனா போதும் எதுக்கு வயித்த வெட்டணும்னு மாமியார். கைக்காசு போட்டு பண்ணவங்க யாராவது இருந்தா உண்மைய சொல்லுங்க, சொன்ன ரேட்டுக்குள்ள முடிஞ்சுதா, இல்ல நான் காத்திருக்கறதுதான் நல்லதா?

பெரம்பூர் ஜெயா

கவி, நான் முழுக்க கைக்காசுலதான் பண்ணேன், கொஞ்சம் வருஷம் ஆச்சு. பண்ணதுல எனக்கு துளி வருத்தம் இல்ல, முட்டி வலி போச்சு, பி.பி மாத்திரை போச்சு, ஜமாலியா ஸ்டாப்புல இறங்கி வீடு வரைக்கும் நிக்காம நடக்கறேன். ஆனா பேக்கேஜ்னு சொல்ற தொகை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில இருக்கற நாள் செலவு மட்டும்தான்னு மனசுல வெச்சுக்கோ, அத சுத்தி வர செலவு யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க.

முன்னாடியே எண்டோஸ்கோபி, ஸ்கேன், எக்கோ, தைராய்டு, வைட்டமின் லெவல், தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட்டுன்னு தனியா போகும், நிறைய இடத்துல இது பேக்கேஜ்ல சேராது. ஆபரேஷனுக்கு ஒரு ரெண்டு வாரம் முன்னாடி ஈரல் சுருங்கறதுக்குன்னு புரோட்டீன் பவுடர் டயட்ல வெப்பாங்க, அது உன் செலவு. அப்புறம் வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் வெறும் தண்ணியாகாரம், அடுத்து கூழ் மாதிரி அரைச்சது, அப்புறம் குழைஞ்ச சோறு முட்டைன்னு போகும், அந்த நேரத்துல சாமான் கம்மிதான் ஆனா பவுடர் டப்பா மளமளன்னு காலி ஆகும். ஒரு நாளைக்கு 60-லருந்து 80 கிராம் புரோட்டீன் உள்ள போகணும்னு சொல்லுவாங்க, அவ்வளவு சின்ன வயித்துல அத வெறும் சாப்பாட்டுல எட்டறது ஆரம்பத்துல ரொம்ப கஷ்டம்.

வைட்டமின், கால்சியம், இரும்பு, பி12 எல்லாம் ஆயுசுக்கும். ஆயுசுக்கும்னா ஆயுசுக்கும்தான், நல்லாதான இருக்கோம்னு நிறுத்தினா ரத்தசோகை வரும், கை கால் மரத்துப்போகும். வருஷா வருஷம் ரத்த டெஸ்ட். பித்தப்பைல கல்லு வராம இருக்க ஆறு மாசம் ஒரு மாத்திரை கொடுப்பாங்க, அது விலை கூடினது. மூணாவது மாசத்துலருந்து முடி கொத்து கொத்தா கொட்டும், பயப்படாத, அப்புறம் வளரும். வெயிட் நிறைய இறங்கினா வயித்துத்தோல் தொங்கும், அத எடுக்கறதுக்கு தனி ஆபரேஷன், அதுக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கிடைக்காது.

அதனால 4.20-னு சொன்னா நீ கையில 5-க்கு மேல வெச்சுக்கிட்டு இறங்கு. எம்.சி. ரோடுல துணி எடுக்கற மாதிரி ரேட்டு கம்மியா கேட்டு போற விஷயம் இல்ல இது, அந்த 2.60 இடத்துக்கு மட்டும் போகாத, அதுவும் தினமும் போன் பண்றாங்கன்னா வேணவே வேணாம்.

தண்டல் வாங்கி பண்ணாத கவி. ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச வாரம் உடம்பு அசதியாதான் இருக்கும், அந்த நேரத்துல சாயங்காலம் ஆனா தண்டல்காரர் வாசல்ல நிப்பாரு. நகைய வெக்கறதுன்னாலும் பேங்க்ல வெய்யி, அடகுக்கடைல வெக்காத, வட்டி வித்தியாசம் நிறைய. வீட்டுக்காரருக்கு பி.எஃப் இருக்குல்ல? பொண்டாட்டி வைத்தியத்துக்கும் அதுலருந்து அட்வான்ஸ் எடுக்கலாம், பெரிய ஆபரேஷனுக்கு உண்டு, அது கடன் இல்ல, திருப்பி கட்ட வேண்டாம். எங்க வீட்டுல அப்படிதான் ஒரு பங்கு சமாளிச்சோம்.

மாதவரம் சேகர்

நான் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பாக்கற வேலைல இருக்கேன். சிஸ்டர், பணத்த கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம், உங்களுக்கு இன்னும் யாரும் இல்லன்னு சொல்லவே இல்ல. எச்.ஆர் போன்ல சொன்னதும் ஏஜென்ட் வாயால சொன்னதும் முடிவு கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி லெட்டர்ல, பாலிசில எந்த விதி (கிளாஸ்) படி மறுக்கறோம்னு எழுதி தந்தாதான் அது மறுப்பு. இத தெரியாம எத்தனையோ பேர் நகைய வெச்சுடறாங்க, எனக்கு பாக்கவே கஷ்டமா இருக்கும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ எல்லா ஹெல்த் பாலிசிக்கும் பொதுவா வெச்சிருக்கற விலக்கு பட்டியல்ல உடல் பருமனுக்கு ஒரு கோட் இருக்கு, எக்ஸ்க்ளூஷன் 06. அத முழுசா படிச்சா இந்த ஆபரேஷனே கிடையாதுன்னு அதுல இல்ல, சில கண்டிஷன நிறைவேத்தாத ஆபரேஷனுக்குத்தான் கிடையாதுன்னு இருக்கும். டாக்டர் பரிந்துரைச்சிருக்கணும், மருத்துவ நெறிமுறைப்படி இருக்கணும், வயசு 18 ஆகியிருக்கணும், பி.எம்.ஐ 40 அல்லது அதுக்கு மேல இருக்கணும். 40-க்கு கீழ, ஆனா 35 அல்லது அதுக்கு மேலன்னா, கூடவே கட்டுக்கு வராத டைப் 2 சுகர், கடுமையான ஸ்லீப் அப்னியா (தூக்கத்துல மூச்சு நிக்கறது), இதய ரத்தக்குழாய் நோய், பருமனால வந்த இதயத்தசை நோய் இதுல ஒண்ணு இருந்து, மத்த வழில குறைக்க பாத்தும் முடியாம போயிருக்கணும். உங்களுக்கு 45. முதல் வாசல தாண்டிட்டீங்க. அழகுக்கு பண்றதுன்னு சொன்னது தப்பு, காஸ்மெடிக்குக்கு பட்டியல்ல தனி கோட் இருக்கு, இது அதுல வராது.

இப்ப உங்க ரெண்டு பாலிசிய தனித்தனியா பாக்கணும்.

கம்பெனி பாலிசிதான் உங்களுக்கு முதல் நம்பிக்கை. க்ரூப் பாலிசி நிறையதுல காத்திருப்பு காலமே கிடையாது, சேர்ந்த நாள்லருந்தே ஏற்கனவே இருக்கற நோய்க்கும் கவர் உண்டு. ஆனா கம்பெனி பிரீமியம் குறைக்கறதுக்காக பேரியாட்ரிக்க, அதாவது இந்த வெயிட் லாஸ் ஆபரேஷன மட்டும் தூக்கிருக்கலாம், இல்ல இவ்வளவுதான் தருவோம்னு சப் லிமிட் போட்டிருக்கலாம். அது பாலிசி காப்பில இருக்கும். வீட்டுக்காரர எச்.ஆருக்கு ஒரு மெயில் போட சொல்லுங்க, பாலிசி வார்த்தைகள் முழுசும், கூட இருக்கற எண்டார்ஸ்மென்ட்டும் (பாலிசில சேத்த மாற்றங்கள்) வேணும்னு. போன்ல கேக்க வேண்டாம், மெயில்.

உங்க சொந்த பாலிசில நீங்க சுகர எழுதி கொடுத்தது ரொம்ப நல்லது, மறைச்சிருந்தா இப்ப பேச்சே இல்ல. ஏற்கனவே இருக்கற நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம்தான் காத்திருக்க வைக்கலாம்னு 2024-ல மாத்திட்டாங்க, அதுக்கு முன்ன 48 இருந்துது. சில பாலிசில பேரியாட்ரிக்குக்குன்னே தனியா ஒரு காத்திருப்பு போட்டிருப்பாங்க. அதனால ஏஜென்ட் சொன்ன மூணு வருஷம் உண்மையாவும் இருக்கலாம், ஆனா எந்த கிளாஸ்னு பாலிசில விரல வெச்சு காட்ட சொல்லுங்க.

இது திட்டமிட்டு பண்ற ஆபரேஷன், அவசரம் கிடையாது, அதனால அட்மிஷனுக்கு முன்னாடியே கேஷ்லெஸ் அனுமதி கேக்கலாம். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல முன் அனுமதி போட சொல்லுங்க, டாக்டர் லெட்டர்ல உயரம் எடை அளந்த தேதியோட, பி.எம்.ஐ, எச்.பி.ஏ.1.சி, இதுவரைக்கும் என்ன டயட் மருந்து பாத்தீங்கன்ற விவரம் எல்லாம் இருக்கணும். டயட்டீஷியன் சீட்டு, பழைய ஜிம் ரசீது எது இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. தூக்க டெஸ்ட்ட தள்ளிப்போடாம இப்பவே எடுங்க, மூச்சு நிக்கறது அதுல பதிவாச்சுன்னா ஃபைலுக்கும் பலம், மயக்க மருந்து டாக்டருக்கும் அது தெரிஞ்சே ஆகணும்.

மறுத்தாங்கன்னா முதல்ல இன்ஷூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும். 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் சரியில்லன்னாலோ இன்ஷூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், ஒரு வருஷத்துக்குள்ள. சென்னை ஆபீஸ் தேனாம்பேட்டைல அண்ணா சாலை மேலயே இருக்கு. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் பாக்கறாங்க.

இன்னொண்ணு, ரூம் வாடகை. பாலிசில ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு லிமிட் இருந்து நீங்க அதவிட பெரிய ரூம் எடுத்தா, ரூம் வாடகை மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ் தியேட்டர் சார்ஜ் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. ஷேரிங் ரூமே போதும்.

காசிமேடு ராஜா

அக்கா ஊசி ஒண்ணு வந்துகீதே மவுன்ஜாரோன்னு, அத்த கேட்டு பாத்தீங்களா? எங்க அண்ணன் போட்டுனு கீறாரு, நல்லா இறங்குது. வயித்த அறுக்காம முடியும்னா அதான நல்லது, ஒரு நெனப்புல சொன்னேன் தப்பா எடுத்துக்காதீங்க.

பெரம்பூர் ஜெயா

ராஜா தம்பி, ஊசி நல்ல மருந்துதான், ஆனா கைக்காசு கணக்குல பாரு. 2025 மார்ச்ல நம்ம நாட்டுல வந்தப்போ 2.5 மில்லிகிராம் 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375, அதுவும் வாரத்துக்கு ஒண்ணு. மாசம் 14,000-லருந்து 17,500. ரெண்டு வருஷம் போட்டா ஆபரேஷன் காசு கிட்டத்தட்ட வந்துடும், நிறுத்தினா நிறைய பேருக்கு வெயிட் திரும்ப ஏறுது. கவிக்கு குழந்தை வேணும், அந்த மருந்து போட்டுக்கிட்டு கர்ப்பமாகக்கூடாது, முன்னாடியே நிறுத்தணும். டாக்டர்கிட்ட கேக்கறதுல தப்பில்ல, ஆனா இவளுக்கு இது சுலபமான வழி இல்ல.

பழைய வண்ணாரப்பேட்டை நர்ஸ்

ஆபரேஷன் தியேட்டர்ல ரொம்ப வருஷம் இருந்தவ சொல்றேன் மா, ரேட்ட கேக்கறதுக்கு முன்னாடி ஐ.சி.யு-வ கேளு. 2024 ஏப்ரல்ல புதுச்சேரிலருந்து வந்த ஒரு பையன், 26 வயசு, சென்னை புறநகர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில இதே வெயிட் குறைக்கற ஆபரேஷனுக்கு போய் இறந்துட்டான். அரசாங்கம் விசாரணை போட்டு அந்த ஆஸ்பத்திரி லைசென்ஸ தற்காலிகமா நிறுத்தி வெச்சுது. அந்த அப்பா அம்மா டிவில அழுதத என்னால மறக்க முடியல. இந்த ஆபரேஷன் பொதுவா பாதுகாப்பானதுதான், பயமுறுத்த சொல்லல, ஆனா 110, 150 கிலோ உள்ள ஒருத்தருக்கு மயக்க மருந்து கொடுக்கறது சின்ன விஷயம் இல்ல. வென்டிலேட்டரோட ஐ.சி.யு அதே பில்டிங்ல இருக்கா, ராத்திரில மயக்க மருந்து டாக்டர் உள்ளயே இருக்காரா, சர்ஜன் அந்த ஆஸ்பத்திரியோட ஆளா இல்ல வெளியிலருந்து வந்து பண்ணிட்டு போயிடறவரா, இத நேரா கேளு. பதில் சொல்ல தயங்கினா எழுந்து வந்துடு.

ஸ்டேப்ளர் பத்தியும் கேளு. ஸ்லீவ்ல வயித்துல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு வரிசையா ஸ்டேப்ளர் போட்டு மூடுவாங்க, பில்லுல பெரிய தொகை அந்த ஸ்டேப்ளர் பின் இருக்கற கார்ட்ரிட்ஜுக்குதான் போகும். எந்த கம்பெனி, எத்தனை போடுவீங்க, கூட ஒண்ணு தேவைப்பட்டா யார் காசுன்னு எழுதி வாங்கு. அந்த கார்ட்ரிட்ஜ் ஒரு தடவைக்கு மட்டும்தான், அதோட ஸ்டிக்கர உன் கேஸ் ஷீட்ல ஒட்டணும்.

நெஞ்செரிச்சல் அதிகமா இருக்கறவங்களுக்கு ஸ்லீவ் பண்ணா அது கூடலாம், வயித்த சின்னதாக்கி குடலோட இணைக்கற பைபாஸ்தான் சரியா வரும், அதுக்குத்தான் எண்டோஸ்கோபி. பேக்கேஜ் ஸ்லீவுக்குதான்னு சொல்லி அதுலயே தள்ளிட கூடாது, உன் சுகருக்கு எது நல்லதுன்னு ரெண்டாவது ஒரு சர்ஜன்கிட்டயும் கேளு.

நீ இருக்கறது தண்டையார்பேட்டை. பழைய ஜெயில் ரோடுல ஸ்டான்லி ஆஸ்பத்திரி உனக்கு மெட்ரோல ஏறினா கொஞ்ச நேரம்தான், அங்க சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ டிபார்ட்மென்ட் இருக்கு. சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி ஜி.எச்-லயும் இந்த ஆபரேஷன் பண்ணிருக்காங்க. காலைல ஓ.பி-க்கு போய் உன் ரிப்போர்ட் எல்லாத்தையும் காட்டு, காத்திருக்க வேண்டி வரும், ஆனா காசு வாங்காத ஒரு டாக்டர் சொல்ற அபிப்பிராயம் உனக்கு இப்ப ரொம்ப அவசியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், உன் வீட்டுக்காரர் சம்பளத்துக்கு வராதுன்னு நினைக்கிறேன், படிக்கற வேற யாருக்காவது பொருந்தினா வி.ஏ.ஓ-கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு பீச் பக்கம் கலெக்டர் ஆபீஸ்ல போய் கேளுங்க. விவரம் 104-க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க.

எங்க பண்ணாலும் வீட்டுக்கு கிட்ட இருக்கற இடமா பாரு. டிஸ்சார்ஜ் ஆனதுக்கப்புறம் காய்ச்சல், நாடித்துடிப்பு படபடன்னு ஏறறது, வயித்துலயோ தோள்லயோ தாங்காத வலின்னா தையல் போட்ட இடம் கசியுதான்னு உடனே பாக்கணும், மறுநாள் வரைக்கும் பொறுக்கக் கூடாது. எக்ஸ்பிரஸ் ரோடுல கன்டெய்னர் லாரி வரிசைல நின்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

கொளத்தூர் அம்மு

எல்லாரும் பணத்தையே பேசறீங்க, கவியோட வயசயும் பாக்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷத்துலருந்து ஒன்றரை வருஷம் கர்ப்பம் கூடாதுன்னு சொல்லுவாங்க, ஏன்னா வெயிட் வேகமா இறங்கும்போது குழந்தைக்கு சத்து பத்தாது. சொந்த பாலிசிக்காக இன்னும் ரெண்டு வருஷம் காத்திருந்து, அதுக்கு மேல ஒன்றரை வருஷம்னா 36, 37 ஆயிடும். அதுவரைக்கும் சுகர் 9-லயே இருந்தா கண்ணு, கிட்னி எல்லாம் சும்மா இருக்குமா? காத்திருக்கறதும் செலவுதான். கம்பெனி பாலிசி கிடைக்கலன்னா நான் கவி இடத்துல இருந்தா நகைய வெச்சு பண்ணிடுவேன், நகை திரும்ப வாங்கிக்கலாம்.

இன்னொண்ணு, பி.சி.ஓ.டி இருக்கறவங்களுக்கு வெயிட் இறங்க ஆரம்பிச்சதும் பீரியட்ஸ் ஒழுங்காகி நினைக்காத நேரத்துல கரு நிக்கும், எங்க சித்தி பொண்ணுக்கு அப்படி ஆச்சு, அதனால அந்த ஒன்றரை வருஷத்துக்கு என்ன தடுப்பு முறைன்னு லேடி டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடு.

தண்டையார்பேட்டை கவி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அந்த 2.60 ஆஸ்பத்திரில போன் பண்ணி ஐ.சி.யு பத்தி கேட்டேன், தேவைப்பட்டா பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷிஃப்ட் பண்ணிடுவோம்னு சொன்னாங்க. நம்பர பிளாக் பண்ணிட்டேன். வீட்டுக்காரர் எச்.ஆருக்கு மெயில் போட்டுட்டாரு. ஜெயா அக்கா, பி.எஃப் விஷயம் எங்களுக்கு தெரியவே தெரியாது, தண்டல் பேச்சே இனிமே இல்ல. திங்கக்கிழமை ஸ்டான்லிக்கு போறோம், மாமியாரும் கூட வரேன்னு சொல்லிருக்காங்க, டாக்டர் வாயால கேட்டா அவங்களும் புரிஞ்சுப்பாங்கன்னு தோணுது.

சேகர் அண்ணா ஒரு டவுட்டு, கம்பெனில 3 லட்சம் ஓ.கே ஆச்சுன்னு வைங்க, மீதி 1.20 நாங்கதான் போடணுமா?

மாதவரம் சேகர்

கம்பெனி பாலிசில முதல்ல போடுங்க. அது தீர்ந்ததுக்கு மேல உள்ள பில்ல ரெண்டாவது பாலிசில கேக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனா உங்க சொந்த பாலிசி காத்திருப்பு காலத்துல இருக்கறதால இப்ப அதுல வரும்னு நம்பி இறங்காதீங்க, 1.20-ஓட ஜெயா சிஸ்டர் சொன்ன சுத்துச் செலவும் சேத்து பி.எஃப்ல எடுத்து வெச்சுக்கோங்க. ஒரிஜினல் பில் எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து ஆஸ்பத்திரி சீல் வாங்கி வெய்யுங்க. சொந்த பாலிசிய எந்த காரணத்துக்கும் விட்டுடாதீங்க, வருஷா வருஷம் தேதி தவறாம புதுப்பிங்க, வீட்டுக்காரர் வேலை மாறினா அடுத்த நாளே கம்பெனி கவர் போயிடும். எச்.ஆர் மெயில் வந்ததும் உங்க பேரு, பாலிசி நம்பர மறைச்சிட்டு அந்த கிளாஸ மட்டும் இங்க போடுங்க, படிச்சு சொல்றேன்.